ஷெர்மன் கென்ட்

ஷெர்மன் கென்ட் (டிசம்பர் 1, 1903 - மார்ச் 11, 1986) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வரலாற்றாசிரியரும் உளவுத் தகவல் பகுப்பாய்வாளரும் ஆவார். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், இரண்டாம் உலகப் போரின்போது அரசின் உளவுப் பணியில் சேர்ந்தார். பின்னர் 1952 முதல் 1967 வரை, சி.ஐ.ஏ. என அறியப்படும் நடுவண் ஒற்று முகமையின் தேசிய மதிப்பீட்டு வாரியத்துக்குத் தலைமை வகித்தார். வரலாற்று ஆய்வின் முறைகளை உளவுத் தகவல்களை எடைபோடும் பணிக்குக் கொண்டு வந்தவர் என்பதால், அமெரிக்க உளவுப் பகுப்பாய்வின் தந்தை என இவர் குறிப்பிடப்படுகிறார். 1962 ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடிக்குச் சில வாரங்களுக்கு முன் இவரது வாரியம் அளித்த மதிப்பீடு தவறாக முடிந்தது. அத்தவறும் அதற்கு இவர் எழுதிய விளக்கமும் உளவியல் ஆய்வில் அல்லாமல் உளவு பற்றிய ஆய்வுத்துறையில் இன்றும் விவாதிக்கப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

கென்ட் இலினொய் மாநிலத்தின் சிகாகோ நகரில் பிறந்தார். இவரது தந்தை வில்லியம் கென்ட் 1911 முதல் 1917 வரை கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினராக இருந்தவர். மியூர் வுட்ஸ் என்னும் செம்மரக் காட்டை விலைக்கு வாங்கி அரசுக்குக் கொடையாக அளித்தவரும் அவரே. தாய் எலிசபெத் தாச்சர் கென்ட் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். கலிபோர்னியாவில், தாய்மாமன் நிறுவிய தாச்சர் பள்ளியில் கென்ட் பயின்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் 1926 இல் இளநிலைப் பட்டமும் 1933 இல் முனைவர் பட்டமும் பெற்று, அங்கேயே வரலாறு கற்பித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சின் அரசியல் வரலாறு இவரது சிறப்புத் துறையாகும். லூயி பிலிப் மன்னர் காலத்துத் தேர்தல் நடைமுறைகளைப் பற்றிய இவரது நூல் 1937 இல் வெளியானது. 1941 இல் மாணவர்களுக்கென வரலாறு எழுதும் முறை பற்றி ஒரு கையேட்டை வெளியிட்டார். சான்றுகளைத் திரட்டுதல், அவற்றின் நம்பகத்தன்மையைச் சோதித்தல், ஐயத்துக்கு இடமின்றி எழுதுதல் ஆகியவை அக்கையேட்டின் பொருள்கள். பிற்காலத்தில் உளவுப் பணியில் இவர் வலியுறுத்தியவையும் இவையே.

இரண்டாம் உலகப் போரில்

1941 இல் அமெரிக்க அரசு தகவல் ஒருங்கிணைப்பாளர் அலுவலகம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. இது 1942 இல் மூலோபாயச் சேவைகள் அலுவலகமாக (ஓ.எஸ்.எஸ்.) மாற்றப்பட்டது. இதன் ஆய்வு மற்றும் பகுப்பாய்வுப் பிரிவில் வரலாறு, பொருளியல், புவியியல் போன்ற துறைகளின் அறிஞர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து சேர்க்கப்பட்டனர். ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் வில்லியம் லாங்கர் இப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். கென்ட் 1941 இல் இதில் சேர்ந்து ஆப்பிரிக்கப் பகுதியின் பொறுப்பை ஏற்றார்.

1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் தரையிறங்கின. இதற்கான திட்டமிடலின்போது மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய பகுதிகளின் துறைமுகங்கள், தொடர்வண்டிப் பாதைகள், மக்கள் வாழ்க்கை ஆகியவை பற்றிய விரிவான அறிக்கைகளைக் கென்டின் குழு மிகக் குறுகிய காலத்தில் தயாரித்தது. அத்தகவல்களில் பெரும்பகுதி ஒற்றர்களிடமிருந்து வரவில்லை. நூலகங்களில் எவரும் படிக்கக்கூடிய நூல்களிலும் அறிக்கைகளிலும் இருந்தே திரட்டப்பட்டது. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையான அறிவில் பெரும்பகுதியை வெளிப்படையான ஆதாரங்களிலிருந்தே பெறலாம் என்ற கருத்து இந்த அனுபவத்தால் இவரிடம் வலுப்பெற்றது.

1949 ஆம் ஆண்டு நூல்

1945 அக்டோபரில் ஓ.எஸ்.எஸ். கலைக்கப்பட்டது. அதன் ஆய்வுப் பிரிவு வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டது. கென்ட் அங்கு சில காலம் பணியாற்றிய பின், தேசியப் போர்க் கல்லூரியில் கற்பித்துவிட்டு 1947 இல் யேல் திரும்பினார். அமெரிக்காவின் உலகக் கொள்கைக்கான மூலோபாய உளவுத் தகவல் பற்றி இவர் எழுதிய நூலை 1949 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இத்துறையின் முதன்மை நூல்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

உளவு என்பதை இந்நூல் மூன்று நிலைகளில் வைத்து விளக்குகிறது.

- அறிவு: பிற நாடுகளைப் பற்றி ஓர் அரசு அறிந்திருக்க வேண்டியவை
- அமைப்பு: அவ்வறிவைத் திரட்டும் நிறுவனம்
- செயல்: அந்நிறுவனம் மேற்கொள்ளும் பணி

உளவு ஆய்வாளருக்கும் கொள்கை வகுப்பவருக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு இந்நூலின் மையக் கேள்வியாகும். மிக விலகியிருந்தால் எது தேவை என்பது ஆய்வாளருக்குத் தெரியாது. மிக நெருங்கினால் ஆட்சியாளர் விரும்பும் முடிவையே சொல்லும் நிலைக்கு அவர் ஆளாவார். இவ்விரண்டு ஆபத்துகளையும் கென்ட் சுட்டிக்காட்டினார். அரசியல் அறிஞர் வில்மூர் கெண்டல் அதே ஆண்டில் எழுதிய மதிப்புரையில் இதனை மறுத்தார். இத்தகைய விலகல் உளவுப் பணியை எழுத்தர் வேலையாகச் சுருக்கிவிடும் என்பதும், முடிவெடுக்கும் தலைவர்களுக்கு அது நேரடியாக உதவ வேண்டும் என்பதும் அவரது வாதம். கென்ட் - கெண்டல் விவாதம் எனப்படும் இக்கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை.

தேசிய மதிப்பீட்டு வாரியம்

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதையும் அவ்வாண்டின் இறுதியில் சீனா அதில் தலையிட்டதையும் அமெரிக்க உளவு அமைப்புகள் முன்கூட்டியே தெளிவாக எச்சரிக்கவில்லை. இதையடுத்து நடுவண் ஒற்று முகமையின் புதிய இயக்குநர் வால்டர் பெடல் ஸ்மித், தேசிய மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றை ஏற்படுத்துமாறு லாங்கரை அழைத்தார். கென்ட் அவரது துணைவராகச் சேர்ந்தார். 1952 இல் லாங்கர் ஹார்வர்டுக்குத் திரும்பியபோது தலைமைப் பொறுப்பு கென்டிடம் வந்தது. 1967 இறுதியில் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பில் நீடித்தார்.

ஒரு நாட்டின் நிலை பற்றியோ வரக்கூடிய நிகழ்வு பற்றியோ வாரியத்தின் அலுவலர்கள் வரைவு எழுதுவர். வாரிய உறுப்பினர்கள் அதனை வரிவரியாக ஆராய்வர். பின்னர் வெளியுறவுத் துறை, படைத்துறைகள் ஆகியவற்றின் உளவுப் பிரிவுகளோடு விவாதித்து அது இறுதி செய்யப்படும். உடன்படாத அமைப்பு தன் மாற்றுக் கருத்தை அடிக்குறிப்பாகப் பதிவு செய்யலாம்.

சொற்களும் எண்களும்

1951 மார்ச் மாதத்தில் யுகோஸ்லாவியா பற்றிய ஒரு மதிப்பீடு வெளியானது. 1948 இல் ஸ்டாலினுடன் முரண்பட்டுப் பிரிந்த அந்நாட்டின் மீது சோவியத் சார்பு நாடுகள் படையெடுக்குமா என்பது கேள்வி. அவ்வாண்டில் தாக்குதல் நடக்கக் கருத்தில் கொள்ளத்தக்க வாய்ப்பு உண்டு என்னும் பொருளில் மதிப்பீடு அமைந்திருந்தது. சில நாட்களுக்குப் பின் வெளியுறவுத் துறையின் மூத்த அலுவலர் ஒருவர் அச்சொற்றொடரின் பொருளைக் கென்டிடம் கேட்டார். நூற்றுக்கு 65 அளவில் தாம் கருதியதாகக் கென்ட் கூறியதும் அவர் திடுக்கிட்டார். அவரும் அவரது துறையினரும் அதனை மிகக் குறைந்த வாய்ப்பாகவே புரிந்துகொண்டிருந்தனர்.

கலக்கமடைந்த கென்ட், அச்சொற்றொடரை ஏற்றுக் கையொப்பமிட்ட வாரிய உறுப்பினர்களிடமே அதன் பொருளைக் கேட்டார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றும் மற்றொருவர் நூற்றுக்கு 80 என்றும் கருதியிருந்தது தெரிய வந்தது. அதாவது, ஒரே வாக்கியத்தில் உடன்பட்டவர்கள் அதன் பொருளில் உடன்படவில்லை. எதிர்பார்க்கப்பட்ட தாக்குதல் நடைபெறவில்லை. எனினும் இந்நிகழ்வைக் கென்ட் மறக்கவில்லை. நிகழ்தகவைக் குறிக்கும் சொற்களுக்கு எண் மதிப்புகளை வகுத்து, 1964 இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

- ஏறத்தாழ உறுதி: 93 விழுக்காடு (6 கூடலாம் அல்லது குறையலாம்)
- நடக்கக்கூடும்: 75 விழுக்காடு (12 கூடலாம் அல்லது குறையலாம்)
- சரிபாதி வாய்ப்பு: 50 விழுக்காடு (10 கூடலாம் அல்லது குறையலாம்)
- பெரும்பாலும் நடக்காது: 30 விழுக்காடு (10 கூடலாம் அல்லது குறையலாம்)
- ஏறத்தாழ உறுதியாக நடக்காது: 7 விழுக்காடு (5 கூடலாம் அல்லது குறையலாம்)

இத்திட்டத்தை உடன் பணியாற்றியவர்களில் பலர் ஏற்கவில்லை. சொல்லின் நயத்தையும் நெகிழ்வையும் விரும்பிய அவர்களைக் கவிஞர்கள் என்றும், எண்ணை விரும்பியோரைக் கணிதவியலார் என்றும் கென்ட் வேடிக்கையாகப் பிரித்துக் காட்டினார். இவர் பதவியில் இருந்த காலத்தில் இத்திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

கியூபா மதிப்பீடு

1962 கோடையில் சோவியத் ஒன்றியம் கியூபாவுக்குப் பெருமளவில் ஆயுதங்களை அனுப்பியது. ஆகஸ்ட் 29 அன்று யு-2 வானூர்தி எடுத்த படங்களில் விமான எதிர்ப்பு ஏவுகணைத் தளங்கள் காணப்பட்டன. இவை வேறொன்றைப் பாதுகாக்கவே அமைக்கப்படுகின்றன என்றும், அது அணு ஏவுகணைகளாக இருக்கலாம் என்றும் நடுவண் ஒற்று முகமையின் இயக்குநர் ஜான் மெக்கோன் ஐயுற்றார்.

செப்டம்பர் 19 அன்று வெளியான சிறப்பு மதிப்பீட்டில் கென்டின் வாரியம் வேறு முடிவுக்கு வந்தது. அணு ஏவுகணைகளை அங்கு வைப்பதால் சோவியத் ஒன்றியத்துக்குக் கணிசமான படைத்துறை நன்மை உண்டு என்பதை மதிப்பீடு ஒப்புக்கொண்டது. ஆயினும் அத்தகைய செயல் அதுவரையிலான சோவியத் நடைமுறைக்குப் பொருந்தாது எனவும், அமெரிக்காவுடன் பெரும் மோதலை வரவழைக்கும் எனவும் காரணம் காட்டி, அது நிகழ வாய்ப்பில்லை எனக் கருதியது. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து யு-2 வானூர்திகள் மேற்குக் கியூபாவின் மீது பறக்கவில்லை. அக்டோபர் 14 அன்று மீண்டும் பறந்தபோது, நடுத்தரத் தொலைவு ஏவுகணைகள் படத்தில் பதிவாயின. உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குச் சென்றது. அக்டோபர் 28 அன்று நிகிட்டா குருசேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

நெருக்கடியின்போது, ஏவுகணைகளின் ஒளிப்படச் சான்றுகளை நேச நாடுகளுக்கு விளக்குவதற்காக முன்னாள் வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசனுடன் கென்ட் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். தமது வாரியம் நிகழாது எனக் கருதிய ஒன்றின் சான்றை எடுத்துச் செல்லும் நிலை இவ்வாறு இவருக்கு ஏற்பட்டது.

1964 இல் இம்மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்து கென்ட் ஒரு கட்டுரை எழுதினார். அதில் மதிப்பீடு தவறானது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால், கிடைத்த சான்றுகளைக் கொண்டு வேறு முடிவுக்கு வந்திருக்க இயலாது என வாதிட்டார். குருசேவ் அமெரிக்காவின் எதிர்வினையைத் தவறாகக் கணக்கிட்டார் என்பதும், பிறர் செய்யப்போகும் பிழையை ஆய்வாளர் முன்னறிவது கடினம் என்பதும் இவரது விளக்கம். தமக்கு நியாயமாகத் தோன்றுவதே எதிரிக்கும் நியாயமாகத் தோன்றும் எனக் கொண்டதே உண்மையான பிழை என விமர்சகர்கள் கருதுகின்றனர். 1959 இல் சோவியத் ஒன்றியம் கிழக்கு ஜெர்மனியில் அணு ஏவுகணைகளைக் குறுகிய காலம் நிறுத்தியிருந்தது என்பது பனிப்போருக்குப் பின்னரே ஆய்வாளர்களுக்குத் தெளிவாகத் தெரிய வந்தது. அதுவரையிலான நடைமுறை என வாரியம் நம்பியதே முழுமையானதாக இல்லை என்பதை இது காட்டுகிறது.

ஆய்விதழும் ஆய்வுத்துறையும்

உளவுப் பணி தனக்கென முறைகளும் கலைச்சொற்களும் கொண்ட தொழிலாக வளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கென எழுதப்பட்ட இலக்கியம் இல்லை என்பது கென்டின் குறை. எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து கற்க நேரிடும் என்றார். இவரது முயற்சியால் 1955 இல் ஸ்டடீஸ் இன் இன்டெலிஜென்ஸ் என்ற இதழ் தொடங்கப்பட்டது. முதல் இதழின் கட்டுரை இப்பொருளிலேயே இவர் எழுதியதாகும். மேற்கண்ட 1964 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் இரண்டும் இவ்விதழிலேயே வெளியாயின. தொடக்கத்தில் இது முகமைக்குள் மட்டும் வழங்கிய மறைவடக்க இதழாக இருந்தது. பின்னர் பொதுமக்களுக்கான பதிப்புகளும் வெளியாயின.

பல்கலைக்கழகங்களில் உளவு பற்றிய ஆய்வு 1970களிலும் 1980களிலும் வளர்ந்தது. கென்ட் மறைந்த 1986 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் இன்டெலிஜென்ஸ் அன்ட் நேஷனல் செக்யூரிட்டி என்ற ஆய்விதழ் தொடங்கியது. 1987 முதல் 1992 வரை கியூபா நெருக்கடி பற்றி அமெரிக்கா, மாஸ்கோ, அவானா முதலிய இடங்களில் நடைபெற்ற மாநாடுகளில் வரலாற்றாசிரியர்களும் நெருக்கடியில் நேரடியாகப் பங்கேற்றவர்களும் ஒன்றாக அமர்ந்து விவாதித்தனர். நெருக்கடியின்போது கியூபாவில் சுமார் 10,000 சோவியத் வீரர்கள் இருப்பதாக அமெரிக்கா கணித்திருந்தது. உண்மையில் 40,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்பது இம்மாநாடுகளில் வெளிப்பட்டது. தவறிய மதிப்பீடுகளை எதிர்த்தரப்பினரின் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்க இத்தகைய மாநாடுகள் வழி செய்தன.

இறுதிக் காலமும் மரபும்

ஓய்வுக்குப் பின் கென்ட் மீண்டும் பிரெஞ்சு வரலாற்றுக்குத் திரும்பினார். பிரான்சின் 1827 ஆம் ஆண்டுத் தேர்தல் பற்றிய இவரது நூல் 1975 இல் வெளியானது. இவர் தலைமை வகித்த வாரியம் 1973 இல் கலைக்கப்பட்டது. 1986 மார்ச் 11 அன்று வாஷிங்டன் நகரில் தமது 82 ஆவது வயதில் காலமானார். இவரது கட்டுரைகளின் தொகுப்பு 1994 இல் வெளியிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் நடுவண் ஒற்று முகமை தொடங்கிய பகுப்பாய்வுப் பயிற்சிப் பள்ளிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.

ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2002 இல் அளிக்கப்பட்ட மதிப்பீடு தவறு என நிறுவப்பட்ட பின், கென்டின் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 2007 முதல் வெளியான மதிப்பீடுகளில் நிகழ்தகவுச் சொற்களின் பொருளை விளக்கும் பக்கம் இணைக்கப்பட்டது. 2015 இல் திருத்தப்பட்ட அமெரிக்க உளவுத்துறையின் தர விதிகளில் அச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் விழுக்காட்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. எண்கள் கென்ட் வகுத்தவற்றிலிருந்து வேறுபட்டாலும், எழுதுபவரும் படிப்பவரும் ஒரே பொருளைக் கொள்ள வேண்டும் என்ற அவரது நோக்கம் அவற்றில் தொடர்கிறது.