அம்மை இறங்கியது, கண் திரும்பவில்லை: மகாராஜா ரஞ்சித் சிங்கின் கதை

‘பஞ்சாப் சிங்கம்’ ரஞ்சித் சிங்குக்கு இடது கண் தெரியாது. போரில் போச்சா? இல்லை, பெரியம்மையில் போனது.

இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் 1780-ல் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே அம்மை வார்த்தது. பிழைத்துக்கொண்டார். ஆனா முகத்தில் தழும்பு நின்றது, ஒரு கண்ணில் பார்வை போனது. அம்மைப் புண் கருவிழியிலும் வரும். புண் ஆறினாலும் வடு பார்வையை மறைத்துவிடும். ஜென்னரின் தடுப்பூசி வந்ததே 1796-ல்தான்.

சுமார் 12 வயதில் தந்தையை இழந்தார். 1799-ல் லாகூரைப் பிடித்தார், 1801-ல் மகாராஜா ஆனார், 1819-ல் காஷ்மீரையும் சேர்த்துக்கொண்டார். 1839-ல் இறக்கும்வரை ஒற்றைக் கண்ணோடுதான் ஆண்டார்.

அவர் ஜெயித்தார், சரி. அம்மையில் கண்ணை இழந்த மற்ற பிள்ளைகளுக்கு அரியணை காத்திருக்கவில்லை.

பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. ஆனா தட்டம்மை இன்னும் இருக்கு. தடுப்பூசி போடாத, வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு அதிலும் கண் போகும் ஆபத்து அதிகம். காய்ச்சல் விட்டாச்சு என்று இருந்துவிடாதீங்க. பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளை தெரிந்தாலோ, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.