தன் மலத்தில் ஒட்டுண்ணியைக் கண்ட துணி வணிகர் லீவன்ஹூக்

வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டவரின் குடலில் எந்த ஒட்டுண்ணி உள்ளது என்பதை, மலத்திலுள்ள அதன் மரபணுவைக் கொண்டே இன்றைய ஆய்வகங்கள் கண்டறிகின்றன. அத்தகைய ஒட்டுண்ணி ஒன்றை முதன்முதலில் கண்ணால் கண்டவர் மருத்துவர் அல்லர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த துணி வணிகர் அந்தோனி வான் லீவன்ஹூக்.

கூடை முடைபவரின் மகனாக 1632-ஆம் ஆண்டு பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். ஆம்ஸ்டர்டாமில் துணி வணிகம் பழகி, 1654-இல் ஊர் திரும்பிச் சொந்தக் கடை திறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது.

நூலிழையின் தரம் பார்க்கத் துணி வணிகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். அவரது ஆர்வம் அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம். அவர் தாமே செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கிகளில் இன்று எஞ்சியுள்ள ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

நீரில் கண்ட நுண்ணுயிர்கள் குறித்து 1676-இல் அவர் எழுதிய கடிதத்தை லண்டன் ராயல் சொசைட்டி எளிதில் நம்பவில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் ஹூக் அவற்றைத் தாமே பார்த்து உறுதி செய்தார். 1680-இல் லீவன்ஹூக் அந்த அமைப்பின் உறுப்பினரானார்.

1681-இல் வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது, பிறர் முகம் சுளிக்கும் வேலையில் அவர் இறங்கினார். தம் மலத்தையே வில்லையின் முன் வைத்தார். இரத்த அணுவையொத்த அளவில், தட்டையான அடிப்பகுதியும் சிறு கால்கள் போன்ற உறுப்புகளும் கொண்ட உயிர்கள் அதில் நகர்ந்தன. மலம் கெட்டியாக இருந்த நாள்களில் அவை தென்படவில்லை என்பதையும் குறித்து வைத்தார். இந்த ஒப்பீடே அவரது குறிப்பை வெறும் வேடிக்கையிலிருந்து உயர்த்துகிறது. அவர் கண்டது ஜியார்டியா என்பதே பிற்கால ஆய்வாளர்களின் முடிவு.

தம் மிகச் சிறந்த வில்லைகளின் செய்முறையை எவருக்கும் சொல்லாமலே 1723-இல் தமது 90-ஆவது வயதில் அவர் காலமானார். அதே ஒட்டுண்ணியைப் பிராகாவில் மருத்துவர் வில்லெம் லாம்பில் மீண்டும் விவரித்தது 1859-இல்தான்.

ஆயினும், கண் காட்டுவதற்கு எல்லை உண்டு. மனிதரைத் தொற்றும் ஜியார்டியாவில் ஏ, பி என இரு முக்கிய மரபணுப் பிரிவுகள் உள்ளன. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அமீபாவில் இச்சிக்கல் இன்னும் தீவிரமானது. சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகாவும், பொதுவாகத் தீங்கற்ற எண்டமீபா டிஸ்பாரும் தோற்றத்தில் இரட்டையர். அவை இரு வேறு இனங்கள் என 1993-இல்தான் முறைப்படி பிரிக்கப்பட்டன. தோற்றத்தை மட்டும் நம்பினால், தேவையற்றவருக்கும் மருந்து தரப்படும்.

பிசிஆர் சோதனை இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும். எனினும், செலவு குறைவு என்பதால் இந்தியாவின் பல ஆய்வகங்களில் மலப் பரிசோதனை இன்றும் நுண்ணோக்கியிலேயே தொடங்குகிறது.