ஐவருக்கு எதிரே ஒருவர்

முள்ளிப்பட்டுத் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் தோழா! உன் வீட்டுத் தறியை, உன் இசைவு இல்லாமலே, ஊர்ப்பொதுவுக்கு என்று சொல்லி எவரோ தூக்கிச் சென்றால் பொறுப்பாயா? வங்கத்துக்கு நேர்ந்தது அதுதான்!

ஜமீன் ஒழிப்பால் மேற்கு வங்க அரசிடம் வந்தது நிலக்கரி நிலம். 1957-இல் இயற்றிய சட்டத்தைக் காட்டி, அதை எடுத்துக்கொள்ள முனைந்தது டில்லி. வங்கம் உச்சநீதிமன்றப் படியேறியது. 1962 டிசம்பர் 21-இல் தீர்ப்பு. எடுக்கலாம், மாநிலத்துக்குத் தன்னரசு உரிமை கிடையாது என்றனர் ஐந்து நீதிபதிகள். ஆகாது என்றார் ஒரே ஒருவர். அவர்தான் சுப்பாராவ்!

1902-இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னையில் சட்டம் பயின்று, மைத்துனர் இராசமன்னாருடன் கூடி வக்கீல் தொழில் நடத்தியவர். 1948-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. 1958-இல் உச்சநீதிமன்ற நீதிபதி.

அவரவர் எல்லையில் அவரவருக்கு முழு உரிமை. டில்லிக்கு மாநிலச் சொத்து வேண்டுமானால் பேசி, இசைவு பெற்று வாங்கட்டும், பறிக்கக்கூடாது. இதுவே அவர் கண்ட நியாயம்.

1966-இல் தலைமை நீதிபதியானார். 1967 ஏப்ரலில் பதவியை உதறி, எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். நீதி நாற்காலியிலிருந்து நேரே தேர்தல் களத்தில் குதித்தது எனக்கு உவப்பில்லை, மறைப்பானேன்? 1976-இல் மறைந்தார்.

ஐவர் தீர்ப்பே நிலைத்தது. ஆனால் 1969-இல், மத்திய மாநில உறவை ஆராயக் கலைஞர் அரசு குழு அமைத்ததே, அதன் தலைவர் யார் தெரியுமா? அதே மைத்துனர் இராசமன்னார்!