புன்னைக்காயல் வைத்தியசாலையும் ஹென்றீக் அடிகளாரும்

ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளார் என்றவுடன் தமிழ் கற்றோர் நினைவுக்கு வருவது அச்சுப் புத்தகமே. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கச் சிறுநூல் அவருக்கு அழியாப் புகழை அளித்தது. ஆயின் அந்நூல் வெளிவருதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னரே, தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் அவர் ஏழை நோயாளர்க்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினார். அதனைப் பேசுவோர் மிகச் சிலர். நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் சிலர் மருத்துவத்துக்கும் நோயாளர் பணிக்கும் செல்லுகின்றனராதலின், அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அடிகளார் 1520-இல் போர்த்துகல் தேசத்து விலாவிசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். அவர் முன்னோர் யூத குலத்தவர். அது காரணமாகவே, அவர் முதலிற் சேர்ந்த பிரான்சிஸ்கு சபையினர் அவரை விலக்கிவிட்டனர். பிறப்பினால் ஒருவனைப் புறந்தள்ளும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்! கொயிம்பிரா நகரில் திருச்சபைச் சட்டம் பயின்ற அவர், 1545-இல் இயேசு சபையிற் சேர்ந்து, மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்து அக்கரையின் நிலையை அறிதல் வேண்டும். முத்துச் சலாபம் நடக்குங்கால், குளியாள் கல்லைத் துணையாகக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிப் பாரில் இறங்குவான். சிப்பிகளைப் பைக்குள் வாரியிட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியிலுள்ளவன் மேலே இழுப்பான். நாள்தோறும் பன்முறை இது நிகழும். செவியும் நெஞ்சும் நொந்தவர் பலர். சுறாவுக்கு இரையானவரும் உண்டு. கரையிலோ சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, அதன்பின் கழுவி முத்தெடுப்பர். அந்நாற்றத்திலும் ஈக்கூட்டத்திலும் திரளாக மக்கள் தங்கினால் நோய் பரவுதற்குக் கேட்பானேன்? அரசர்க்கும் வணிகர்க்கும் முத்துச் சேர்ந்தது. மூழ்கியவனுக்கு நோய் சேர்ந்தது.

இம்மக்களிடையே வந்த அடிகளார்க்கு முதல் இடர் மொழியாயிற்று. தொடக்கத்தில் துபாஷியைக் கொண்டே பேசினார். அவர் சொன்னது ஒன்று, மக்கள் செவியில் விழுந்தது வேறொன்று. துபாஷியை நம்பிப் பயனில்லையெனக் கண்டு, இரவும் பகலும் முயன்று சில மாதங்களிற் பேசப் பழகினார். 1549-இல் தமக்குப் பின் வருவோர்க்காகப் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். இதனைப் புலமை முயற்சியென்று மட்டும் கொள்ளுதல் சாலாது என்பது நம் கருத்து. வைத்தியசாலையிற் புதிதாகப் பணியேற்கும் தாதியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயரைக் கற்பதினும், எங்கே நோகிறது என்று நோயாளி தன் ஊர்ப்பேச்சிற் சொல்வதை விளங்கிக்கொள்ளுதலே முதற் கஷ்டம் என்பர். அவ்வாறு விளங்கிக்கொண்ட அன்றே நோயாளியின் முகத்தில் அச்சம் நீங்குதலைக் காண்பது முதற் சம்பளம் என்றும் சொல்லுவர்.

அதே 1549-இல், சபைத் தலைவரான அந்தோனியோ கிரிமினாலி வேதாளையிற் கொல்லப்பட்டார். அப்பொறுப்பு 29 வயதுடைய ஹென்றீக் அடிகளார் தலைமேல் விழுந்தது. இதனை அடுத்தே வைத்தியசாலை தோன்றிற்று. நோயாளரைப் பேணுதற்குப் பயிற்சி பெற்றோர் உலகில் எங்குமே அரியராயிருந்த காலம் அது. பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டனில் தாதியர் பள்ளி தொடங்கியது 1860-இலன்றோ? நம் நாட்டிலோ பிணியுற்றவனைப் பேணுதல் சுற்றத்தார் கடமை. சுற்றமும் பொருளும் இல்லாதவன் கதி திண்ணைதான். அத்தகையவனுக்கு ஒரு பாயும் கஞ்சியும், அருகிருந்து பார்க்க ஓர் ஆளும் உண்டென்பது இக்கரைக்குப் புதுமை. வைத்தியசாலைக்குக் கைகொடுத்தவர் இக்கடற்றுறை மக்களே. உயிரைப் பணயம் வைத்து மூழ்கி ஈட்டிய பொருளில் ஒரு பங்கு, அறியாதவன் ஒருவனுடைய நோய்க்குச் செலவாயிற்று. அடிகளார் பெற்ற பேறுகளுள் இதனையே நாம் தலையாயதாக எண்ணுகிறோம்.

ஆயினும் அமைதி நீடிக்கவில்லை. 1553-இல் புன்னைக்காயல் தாக்குண்டது, அடிகளார் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் வேறிடம் நாடாமல், அக்கரைக்கே மீண்டு பணியைத் தொடர்ந்தார். 1576 வரை தலைமைப் பொறுப்பை வகித்தார். அச்சுப் பணியெல்லாம் அதற்குப் பின்னர்த்தான், ஏறக்குறைய 60 வயதில்! 1579-இல் கிரீசித்தியானி வணக்கமும், 1586-இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. அவற்றுக்கும் பொருளுதவி செய்தவர் முத்துக்குளித்துறை மக்களே.

தாய்நாட்டை அவர் திரும்பக் காணவில்லை. 1600-இல், தம் 80-ஆம் வயதில், புன்னைக்காயலில் உயிர்நீத்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது.