உயிர்த்தொடர் கண்ட வீஸ்மேன்

பெற்றோரின் சாயல் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. கொல்லர் ஒருவர் சம்மட்டி பிடித்து உழைத்துப் பெற்ற தோள்வலிமையும் அவர்தம் பிள்ளைக்குப் பிறப்பிலேயே வந்துவிடுமா? வரும் என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் பலரும் நம்பினர். அந்நம்பிக்கையை மறுத்தவர் ஆகஸ்ட் வீஸ்மேன்.

இவர் 1834ஆம் ஆண்டு செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்து மகிழ்ந்த வீஸ்மேன், மருத்துவம் பயின்று மருத்துவராகப் பணியாற்றினார். எனினும், அவர் உள்ளம் உயிரியலையே நாடியது. 1863ஆம் ஆண்டு பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஈக்களின் முட்டைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். முட்டையின் பின்முனையில் சில செல்கள் மற்றவற்றுக்கு முன்பே உருவாகித் தனித்து நிற்பதைக் கண்டார். அவற்றைத் துருவச் செல்கள் என்றழைத்தார். இச்செல்களே பின்னர் இனச்செல்கள் ஆகின்றன என்பதைப் பிற அறிஞர்கள் கண்டறிந்தனர். இனச்செல்களிலிருந்தே அடுத்த தலைமுறை தோன்றுகிறது.

1864ஆம் ஆண்டளவில் வீஸ்மேனின் கண்கள் பழுதுற்றன. நுண்ணோக்கியை நம்பி வாழ்ந்தவருக்கு அது பேரிடியாயிற்று. ஆயினும், அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. துணைவியார் மேரி நூல்களைப் படித்துக் காட்டினார். வீஸ்மேன் கேட்டவற்றை ஆழ்ந்து சிந்தித்தார்.

அச்சிந்தனையின் பயனாக 1885ஆம் ஆண்டு ஜெர்ம்பிளாசக் கோட்பாட்டை வெளியிட்டார். உடற்செல்கள் உடலோடு மடிகின்றன. இனச்செல்களில் உள்ள மரபுப்பொருளோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. உடல் பெறும் மாற்றம் அம்மரபுப்பொருளைச் சென்றடைவதில்லை என்பதே அக்கோட்பாடு. பின்னர், ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டிச் சோதித்தார். பிறந்த 901 குட்டிகளுள் ஒன்றுகூடக் குறைவாலுடன் பிறக்கவில்லை.

உடற்செல்கள் வளரும்போது தம் மரபுக்கூறுகளை இழக்கின்றன என்றும் வீஸ்மேன் கருதினார். அக்கருத்து பொருந்தாது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே மரபுச்செய்தி உள்ளது. அங்ஙனமாயின், இனச்செல் எவ்வாறு வேறுபடுகிறது? பழ ஈ இதற்கு விடை தந்தது. தாய் ஈயின் உடலில் முட்டை உருவாகும்போதே அதன் பின்முனையில் ஒருவகைச் சிறப்புப் பொருள் சேர்கிறது. அங்கு வந்தடையும் உட்கருக்களே துருவச் செல்களாகின்றன. 1974ஆம் ஆண்டு அறிஞர்கள் அப்பொருளை முட்டையின் முன்முனையில் செலுத்தியபோது, அங்கும் துருவச் செல்கள் தோன்றின.

இலண்டன் அரச கழகம் 1908ஆம் ஆண்டு வீஸ்மேனுக்கு டார்வின் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1914ஆம் ஆண்டு அவர் பிரைபர்க் நகரில் மறைந்தார். ஈயின் முட்டையில் அவர் கண்ட துருவச் செல்களை உயிரியல் மாணவர் இன்றும் அதே பெயரால் அழைக்கின்றனர்.

சிந்தித்து விடையளிக்க:
1. உடற்செல், இனச்செல் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாடு யாது?
2. எலிகளின் வாலை வெட்டிய சோதனையால் வீஸ்மேன் எதனை மெய்ப்பித்தார்?
3. கண்பார்வை குன்றிய பின்னரும் வீஸ்மேன் தம் பணியை எவ்வாறு தொடர்ந்தார்?