அஞ்சாமை அருளிய வழிபாடு
வீரசேனாசாரியார் வரலாறு

தமிழ்ச் சமணர் என்றும் மறக்கலாகாத பெரியோருள் வீரசேனாசாரியார் ஒருவர். கி.பி. 816-இல் தவளம் என்னும் பேருரையை நிறைவு செய்த வீரசேனர் வேறு, இவர் வேறு. நாம் ஈண்டுக் கூறப்புகுவது, செஞ்சி நாட்டில் நம் முன்னோர் அல்லலுற்ற காலத்தில் இல்லறத்தாராக இருந்து, பின்னர்த் துறவு பூண்டு, நல்லறம் மீளச் செய்தவரின் வரலாறாகும். வழிவழி வந்த இச்செய்தியை 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியும் பதிவு செய்துள்ளது.

மரபு கூறும் ஆண்டு கி.பி. 1478. செஞ்சியை ஆண்ட நாயக்கத் தலைவன் ஒருவன், பெண் கேட்ட இடத்தில் தான் அவமதிக்கப்பட்டதாகக் கருதிச் சினம் மூண்டு, சமணரைக் கண்டவிடத்துச் சிரம் கொய்யுமாறு ஆணையிட்டான். இது சமயப் பகையால் விளைந்ததன்று. ஒருவனது கோபத்தால் விளைந்தது. சிலர் நாடு துறந்தனர். பலர் பூணூலைக் களைந்து, திருநீறு பூசிச் சைவராயினர். வேறு சிலர் புறத்தே நீறணிந்து, அகத்தே அருகனைப் போற்றி வாழ்ந்தனர்.

அவ்வாறு மறைந்தொழுகிய ஒருவர், திண்டிவனத்தை அடுத்த வேலூரில் குளக்கரை ஒன்றில் சமண முறைப்படி மாலைக் கடன் ஆற்றிக்கொண்டிருந்தார். அரச ஏவலர் அதனைக் கண்டு, அவரைப் பற்றிச் செஞ்சிக்குக் கொண்டு சென்றனர். அந்நேரம் அத்தலைவனுக்கு மகவு பிறந்திருந்தமையால், மகிழ்ச்சி மிகுதியில் அவரை விடுவித்தான்.

இங்கு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். விண்ணினின்று தேவர் வந்து காத்ததாக மரபு கூறவில்லை. விருப்பு வெறுப்பற்ற வீதராகனாகிய நம் இறைவன், வணங்குவோர்க்கு வரமளிப்பவனும் அல்லன். வணங்காதாரை ஒறுப்பவனும் அல்லன். அங்ஙனமாயின், உயிர்க்கே ஊறு நேரக்கூடிய வேளையில் அவ்வழிபாடு எதற்கு? அச்சமே இல்லாத ஒருவனது குணங்களை நினைந்து நிற்கும்போது, நினைப்பவன் உள்ளத்தில் அச்சம் சுருங்குகிறது. கோயிலும் திருவுருவும் விளக்கும் இல்லாத அக்குளக்கரையில் அவர் கண்ட இறைமாட்சி அதுவே எனலாம்.

தப்பிய உயிரை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. எஞ்சிய வாழ்நாளை அறத்திற்கே ஈவதென உறுதி பூண்டு, சிரவணபெளகுளம் சென்றார். கி.பி. 981 அளவில் சாமுண்டராயர் எடுப்பித்த 58 அடி உயரக் கோமடேசுவரர் திருவுருவம் விளங்கும் அப்புண்ணியத் தலத்தில் ஆகமங்களைக் கற்றுத் துறவியானார்.

இதற்கிடையில், தாயனூர் காங்கேய உடையார் என்னும் பெருந்தகை உடையார்பாளையத் தலைவரிடம் புகலடைந்து, நிலமும் பாதுகாப்பும் பெற்றார். அவரும் தமக்குக் கிட்டிய நலத்தோடு அமைந்துவிடவில்லை. சிரவணபெளகுளம் சென்று, முனிவரை வேண்டி அழைத்து வந்தார். இருவரும் செஞ்சி நாட்டு ஊர்தோறும் சென்றனர். நீறணிந்து வாழ்ந்தவர்களை மீண்டும் பழைய அறத்திற்கு அழைத்து, பூணூல் அணிவித்தனர். பின்னர் வேலூரிலேயே ஆசாரியார் மறைந்தார். காங்கேய உடையார் செய்த தொண்டினை நினைந்து, அவர் வழியினர்க்குச் சுபகாரியங்களில் முதல் தாம்பூலம் அளிக்கும் வழக்கமும் உண்டாயிற்று.

நெருக்கடியில் நிலைகுலைந்தோரை விலக்கி வைத்திருந்தால், நம் குடும்பங்களுள் எத்தனை இன்று சமணராக இருந்திருக்கும்? அஞ்சியோரையும் அணைத்துக்கொண்டமையே ஆசாரியாரின் பெருமை. அச்சம் இன்னதென அவர் அறிந்தவர். ஆதலின் அஞ்சியவரை அவர் இகழவில்லை.

வேலையும் உடல்நலமும் மக்களின் எதிர்காலமும் உறுதியற்றுத் தோன்றும் வேளைகள் நமக்கும் வருகின்றன. அப்போது, இன்னது தருக என வேண்டுவதற்காக அன்றி, அருகனின் குணங்களில் ஒன்றையேனும் நம்முள் காண்பதற்காக அந்திப்பொழுதில் சிறிது நேரம் அமர்வோமாக. தளர்ந்து விலகிய உறவினர் ஒருவரையேனும் அன்புடன் அருகே அழைப்போமாக. ஆசாரியார்க்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாகும்.