கடல் கடந்து வென்ற கறுப்புக் காய்கள்

ஒருவர் அமெரிக்காவில், நியூயார்க் நகரில் இருந்தார். மற்றவர் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். இருவரும் சதுரங்கம் ஆடினார்கள்! ஒவ்வொரு நகர்த்தலும் தந்தியில் பறந்தது.

நியூயார்க்கில் இருந்தவர் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ். அவரை எதிர்த்தவர் மிகயீல் சிகோரின்.

அநாதைச் சிறுவன்

சிகோரின் 1850-ம் ஆண்டு கட்சினா என்ற ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, அநாதை விடுதியில் வளர்ந்தார். 16-வது வயதில் சதுரங்கம் கற்றார். பிறகு அரசாங்க குமாஸ்தா ஆனார். மனமோ சதுரங்கத்திலேயே இருந்தது. வேலையை உதறிவிட்டு ஆட்டத்தில் இறங்கினார்.

1889-ல் ஹவானா நகரில் உலகப் பட்டத்துக்காக ஸ்டைனிட்சுடன் மோதினார். தோற்றுப் போனார்.

தந்திப் போர்

அதே ஆண்டில் ஸ்டைனிட்ஸ் ஒரு சதுரங்க நூல் வெளியிட்டார். "இரு குதிரைத் தற்காப்பு" என்ற பழைய முறையை எதிர்த்து அதில் ஒரு வழி சொன்னார். வெள்ளை ஆடுபவர் ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டு, குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சிப்பாய் லாபமே போதும் என்பது அவர் கட்சி.

சிகோரின் இதை ஒப்பவில்லை. சிப்பாய் போனால் போகட்டும். மற்ற காய்கள் சுறுசுறுப்பாக இயங்கினால் வெற்றி கிடைக்கும் என்று நம்பினார்.

யார் சொல்வது சரி? 1890-ல் தந்திப் போட்டி தொடங்கியது. மொத்தம் இரண்டு ஆட்டங்கள். யோசிக்க நாட்கணக்கில் அவகாசம் உண்டு.

ஓர் ஆட்டத்தில் சிகோரினுக்குக் கறுப்புக் காய்கள். ஸ்டைனிட்ஸ் தாம் எழுதிய வழியிலேயே போனார். ஓரத்துக்குப் போன குதிரை, 13-வது நகர்த்தலில் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டது! கறுப்புக் காய்களோ நடுப் பலகையில் முன்னேறின. வெள்ளை ராஜா தம் இடத்தை விட்டு விலக நேர்ந்தது. 1891-ல் ஸ்டைனிட்ஸ் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டாவது ஆட்டமும் சிகோரினுக்கே.

கை நழுவிய பட்டம்

1892-ல் மறுபடியும் ஹவானா. மறுபடியும் உலகப் பட்டப் போட்டி. ஸ்டைனிட்சுக்கு 9 வெற்றி, சிகோரினுக்கு 8. 23-வது ஆட்டத்தில் சிகோரின் கை ஓங்கியிருந்தது. வென்றால் சமநிலை. அப்போது, காவல் நின்ற காயைத் தவறுதலாக நகர்த்திவிட்டார். இரண்டே நகர்த்தலில் அவருடைய ராஜா சிக்கும் நிலை! போட்டி அதோடு முடிந்தது.

1908-ம் ஆண்டு ஜனவரியில், அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்த லுப்ளின் நகரில் சிகோரின் காலமானார். உலகப் பட்டம் அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்தபோது ஒரு கணத் தவறு அதைப் பறித்தது. நின்று நிதானித்து யோசிக்க நேரம் கிடைத்த தந்திப் போட்டியிலோ, உலக சாம்பியனே அவரிடம் பணிந்தார்.